நானூற்று இருபது

அதிகாலை நாலு பத்துக்கு
பைபாஸ் பாலத்தடியில் ஆம்னி பஸ் நின்றது.
டிக்கியில் இரண்டு சோபா, ஒரு கிரைண்டர்,
நடுவே தெர்மாகோல் பெட்டி.
"உள்ள என்னம்மா, மருந்தா?" என்றார் கிளீனர்.
உயிர் என்றேன்.
அதுவரை ஒரு கையில் தூக்கியவர்
இரண்டு கையாலும் கொடுத்தார்.

கடலில்லாத மாவட்டம் எங்களுடையது.
கடல்மட்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு அடி மேலே,
தர்மபுரி பிடமனேரியில் மாடி போர்ஷனில்,
மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள்
உப்பைக் கரைத்துக் கரைத்து
ஒன்றரை வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன்.
அரியர் பணம் வந்தது.
சிப்பி வாங்கினேன்.
பண்ணையில் பிறந்தது, காகிதம் இருக்கிறது.
"குழம்புக்கா?" என்றாள் கீழ்வீட்டு மாதம்மாள்.
விலையைச் சொல்லவில்லை.

உறையோடு மிதக்கவிட்டு அரைமணி நேரம்.
பிறகு மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு
நொடிக்கு இரண்டு சொட்டாக
என் தண்ணீரை அதற்குப் பழக்கினேன்.
பழைய டூத்பிரஷ்ஷால் ஓட்டு மடிப்புகளைத் தேய்த்து
குறுணையளவு நத்தை ஏதும் ஒட்டிவந்ததா பார்த்தேன்.
இல்லை.
அடியில் மெத்தென்று அதன் கால்.
அங்கே விரல் படக்கூடாது.
பட்டுவிட்டது.
மன்னிச்சுக்கோ என்றேன், வாய்விட்டு.

பகலில் நான் குடிநீர் வாரிய ஆய்வகம்.
பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம்,
பாட்டில் பாட்டிலாக போர்த் தண்ணீர் வரும்.
ஃபுளோரைடு எவ்வளவு என்று எழுத வேண்டும்.
இரண்டு புள்ளி எட்டு. மூன்று புள்ளி ஒன்று.
என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள்
எங்கள் ஊர்க் கிணறு போட்டவை.
சிரிப்பு வந்தால்
கை தானாக வாய்க்குப் போய்விடும்.

அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது.
ஆர்.ஓ.வில் எல்லாவற்றையும் கழித்து
வெறுந்தண்ணீராக்கி, அப்புறம்தான் உப்பு.
"நம்மைவிட நல்லதைக் குடிக்குது" என்பான் முனிரத்தினம்.
குறையாகச் சொல்வதில்லை.

இரண்டாம் நாள் மாலை திறந்தது.
மயில்கழுத்து நீலம்,
அதன்மேல் கிறுக்கினாற்போல் பழுப்புக் கோடுகள்.
நன்றாகப் பார்க்கக் குனிந்தேன்.
என் நிழல் விழுந்ததும்
டப்பென்று மூடிக்கொண்டது.
அன்றிலிருந்து பக்கவாட்டில்தான் போகிறேன்,
தூங்குகிறவரைத் தாண்டுவதுபோல.

வெளிச்சம் அள்ளிக்கொட்டும் உச்சிப் பாறையில்
வைத்திருந்தேன். விழுந்தது.
எடுத்து வைத்தேன். விழுந்தது.
மூன்றாம் முறை
விட்டுத்தொலை என்றான் முனிரத்தினம்.
விட்டேன்.
கண்ணுக்கே படாத மூலையில்
ஒரு உடைந்த கல்லை நூல்விட்டுக் கட்டிக்கொண்டது.
எனக்குப் பார்க்க வசதியில்லாத இடம்.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை.
இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு ஓய்ந்தது.
அரைநாள் லீவு.
சொம்பால் மொண்டு, உயரத் தூக்கி,
மொண்டு, உயரத் தூக்கி,
தண்ணீருக்குள் காற்றை ஊற்றினேன்.
தோள் விட்டுப்போனதும் அவன் வாங்கினான்.
பேசவே இல்லை இருவரும்.
நாலே முக்காலுக்கு மோட்டார் உறுமியது.

ஞாயிறுதோறும் கால்சியம் பார்ப்பேன்.
ரோஸ் நிறம் நீலமாகும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும்.
முதல் வாரம் நானூற்று இருபது.
"ஃபோர்ட்வென்டியா? ஏமாத்துக்காரச் சிப்பி" என்று
அவன் சிரிக்க, நானும் சிரித்தேன், கையால் மூடி.
அடுத்த வாரம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
என் எண்ணிக்கைதான் தப்பென்று மறுபடி செய்தேன்.
அதே.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்
ஓட்டின் விளிம்பில்
வெட்ட மறந்த நகம்போல்
புதிதாக ஒரு வெள்ளை.
குறைந்ததெல்லாம் அங்கே இருந்தது.

தீர்ந்ததை ஊற்றி ஈடுகட்டிவிட்டு
பல் துலக்கப் போனேன்.
கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம்
வாயைத் திறந்தே வைத்திருந்தேன்.
நிழல் ஏதும் விழவில்லை.