கடற்சாமந்தி வந்த வாரம்

ஆம்னி பஸ் டிக்கியிலிருந்து
தெர்மாகோல் பெட்டியை இறக்கிக் கொடுத்தவன்
"சாமந்தின்னு எழுதியிருக்குதுங், ஏனுங் வாசமே இல்ல?" என்றான்.
விடிந்தும் விடியாத புஷ்பா தியேட்டர் நிறுத்தம்.
பைக்கின் பின்னால்
விசிலடங்காத குக்கர் மூடியை அழுத்துவதுபோல்
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி வந்தேன்.

பைக்குள் சுருங்கிக் கிடந்தது,
கசக்கி எறிந்த பனியன் வெட்டுத்துண்டு.
சாய லேபில் பதினோரு வருடமாக ஷேடு பார்க்கிறவள் நான்.
நிறம் சொல்ல வரவில்லை.
தவிட்டுக்கும் பல் ஈறுக்கும் நடுவில் ஏதோ.

சென்னையில் யாரோ ஒருவர் மாடி அறையில்
ஒன்று தானாகவே இரண்டாய்க் கிழிந்ததாம்.
இது அதில் பாதி.
கடலைப் பார்த்ததில்லை.
குழந்தைவேலும் பார்த்ததில்லை;
ராமேஸ்வரம் போன இரண்டு நாளும் காய்ச்சல்,
லாட்ஜ் கட்டிலோடு சரி.

உப்புக்கு எங்களூரில் பஞ்சமில்லை.
எழுநூறு அடி போரில் ஏறி வருவது உப்பு,
குழாய்த் திருகில் பூப்பது உப்பு,
துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாய்க் கொட்டுவது உப்பு.
அத்தனையும் வடிகட்டி
ஒன்றுமே இல்லாத தண்ணீராக்கி
அதில் காசு கொடுத்து வாங்கிய வேறு உப்பைக் கலக்குகிறோம்.
வீட்டுக்காரம்மா கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டு தடவை.

ஏர் டியூபில் ஒரு முடிச்சு.
நொடிக்கு இரண்டு சொட்டு.
லேபில் இப்படிச் சொட்டினால் நிறம் திரும்பும், குறித்துக்கொள்வேன்.
பக்கெட்டில் எதுவும் திரும்பவில்லை.
ஒன்றரை மணி நேரம்
சொட்டுகளையே குறித்துக்கொண்டிருந்தேன்.

பம்பின் வாயில் ஸ்பாஞ்சு கட்டி
விளக்கைப் பாதியாக்கி
அவர் பார்த்து வைத்திருந்த பாறைக்குழியில் இறக்கினோம்.
சோபாவிலிருந்து நேர் எதிரே.
மூன்று நாள் அங்கே இங்கே உட்கார்ந்து முடிவு செய்த இடம்.

மறுநாள் காலை அங்கே இல்லை.

கண்ணாடி மூலையில் தலைகீழாய்.
பொழுதோட ஹீட்டர் பக்கம்.
ராத்திரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்பாஞ்சின் மேல்.
"புடிச்சு மறுக்கா அங்கயே உட்ரட்டுமா?"
"சித்தெ கம்முனு இருங்."
ஒட்டிய காலைப் பிய்த்தால் கிழிந்துவிடும்.
இப்போதைக்குத் தீனி காட்டக் கூடாது.
வாய் பிளந்தே கிடந்தால் கெட்ட குறி.
மூடியிருந்தது.
மூடித்தானே இருந்தது?
டார்ச்சில் சிவப்பு ஜெர்சி சாம்பிளைச் சுற்றிக்கொண்டு
இரண்டு மணிக்கு ஒரு தரம், நாலு மணிக்கு ஒரு தரம்.
ஆர்டர் ரத்தான சிவப்பு. ஒரு லாட் முழுக்கக் கிடக்கிறது.

கோமாளி மீன் இரண்டும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.
எப்போதும்போல் தெர்மாமீட்டரை உரசிக்கொண்டு தூங்கின.

புதன்கிழமை பராமரிப்பு மின்தடை, ஒன்பது முதல் ஐந்து.
பேட்டரியில் காற்றுக்குமிழி மட்டும் ஓட,
மாடியில் சூடு தாங்காமல் சஞ்சுக்தா இறங்கி வந்தாள்.
ஓவர்லாக் டெய்லர். கோபால்பூர் கரையில் பிறந்தவள்.
தொட்டியின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
"சின்னதில நான் இது மிதிச்சேன் அக்கா.
வழுக்கும். விழுந்திட்டேன்."
முழங்கைத் தழும்பைக் காட்டினாள்.
டீ குடித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

ஆறாம் நாள் நின்றது.
பாறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பக்கம்,
ஒரு பிளவுக்குள் காலை ஆழ நுழைத்து,
விரல்நுனி ஒவ்வொன்றும் குமிழ்விட.
நிறம் இப்போது சொல்ல வந்தது:
வெளிநாட்டுக்காரன் எப்போதும் திருப்பியனுப்புகிற அந்த ஆலிவ்,
நுனியில் மட்டும் ரோஸ்.

சோபாவிலிருந்து பார்த்தால் வெறும் பாறை.

குழந்தைவேல் இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு வாஷிங் மெஷினை அக்கட்டால தள்ளி,
டியூபை நீட்டி ஒட்டி,
சந்தில் ஒரு முக்காலி போட்டார்.
ஒருத்தர்தான் உட்காரலாம்.
முழங்கால் இடிக்கும்.
முறை வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள்
நான் உட்கார்ந்திருந்தேன்.