விரல் கணக்கு

கோடிக்கரை விளக்குமரம்
இடுப்பளவு முங்கித் தெரிகிற தூரம்.
மஞ்சள் ரப்பர் தோணியில் ஐந்து பேர்,
உதடெல்லாம் உப்புப் பாளம்.
சப்பான்காரனோ என்று நான் துடுப்பை ஓங்க,
எங்களையும் அப்படியே நினைத்துக்
கையைத் தூக்கினார்கள்.

ஒருவன் சட்டைக்குள்ளிருந்து
பட்டுத்துணி உருவி விரித்தான்.
ஏழெட்டு பாஷையில் அச்சு.
மூன்றாம் வகுப்பு வரை போன வைரக்கண்ணு
மேலும் கீழும் பார்த்துவிட்டு
"நம்ம எழுத்து இல்ல மச்சான்" என்றான்.

சரி,
கலயத்தை நீட்டினேன். நீராகாரம்.
கால் முறிந்து கிடந்த பொடியனுக்கு முதல் மடக்கு;
அவன் தொண்டை ஏறி இறங்குவதை நால்வரும் பார்த்தார்கள்.
அப்புறம்தான் கலயத்துக்கு அடிதடி.

வலையை அறுத்துவிட்டு
விடிய விடிய இழுத்து வந்தோம்.
வலைக்குக் காசு இன்னும் வரவில்லை.

ஆறுகாட்டுத்துறை மணலில் கால் பட்டதும்
நெட்டையன் விரல் மடக்கி எண்ணினான்.
ஐந்து.
மறுபடியும் ஐந்து.
மூன்றாம் தடவை நிற்காமல்
ஆறு, ஏழு, எட்டு என்று மடக்கிக்கொண்டே போய்,
மடங்கிய கையை விரிக்காமலே
கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

மதியம் தாசில்தார் வந்தார்.
"மொத்தம் எத்தனை பேர்?"
வைரக்கண்ணு ஐந்து என்றான்.
நான் எட்டு என்றேன்.
அவர் பேனாவை மூடிவிட்டு
எங்களில் எவன் குடித்திருக்கிறான் என்று
முகர்ந்து பார்த்தார்.