நாற்பத்தொன்று குறைகிறது

வார்டு ஏழு, முதல் வீடு.
இரும்புக் கதவில் ஒரு பூட்டு, மரக்கதவில் ஒரு பூட்டு.
பக்கத்து வீட்டில் விசாரித்தேன்.
"ஷார்ஜாவுல ரெண்டு, குவைத்துல ஒண்ணு,
அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில."
வழக்கமாக வசிப்போர்: பூஜ்யம்.
ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேல்
ஒரு புறா குஞ்சு பொரித்திருந்தது.
அதற்குக் கட்டமில்லை.

என் வீட்டை நானே எண்ணிக்கொண்டேன்.
ஒன்று.
அவர் திருப்பூரில். அங்கே எண்ணியிருப்பார்கள்,
எண்ணாமலும் விட்டிருப்பார்கள்.

வருமானம் என்றதும் குரல்கள் தாழ்கின்றன.
ஜமீலா பீவி ஆறாயிரம் என்றார்,
மகன் அனுப்புவதைச் சேர்க்காமல்.
பெண்ணுக்கு வரன் பார்க்கும் மங்களாம்பிகை
"அறுபதாயிரம்னே போடுங்க, நாலு பேர் பாக்கறது" என்றவர்
ரேஷன் அட்டை ஞாபகம் வந்து
ஒரு சைபரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.
அமிர்தகடேசனுக்கு மூன்று மா நிலம்.
மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான்
பெயரையே சொன்னார்.
கடனைக் கழித்தால் மைனஸ் வருதே, போடலாமா?
படிவத்தில் மைனஸ் இல்லை சார்.
"அப்ப நான் பணக்காரன்தான்" என்றார்.

சாதி கேட்டால்
மேலத்தெருவில், தெரியாதா உங்களுக்கு என்று சிரித்தார்கள்.
காலனியில் பவுனம்மாள் சிரிக்கவில்லை.
"தெரிஞ்சுதானே வாசல்லயே நிக்கிறீங்க."
உள்ளே போய் உட்கார்ந்தேன்.
தாமதம்தான்.
தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.
இரண்டு சுடுகாடு உள்ள ஊருக்கு
மக்கள்தொகை மட்டும் ஒன்று.

கூட்டிப் பார்த்தோம்.
பத்து வருஷத்தில் கோரைக்குடியில்
வீடு முந்நூறு கூடியிருக்கிறது,
ஆள் அறுநூறு குறைந்திருக்கிறது.
இன்னும் நாற்பத்தொரு தலை இருந்தால் தரம் தப்பும்.
இல்லாவிட்டால் நிதி இறங்கும்,
தூண்களோடு நிற்கும் பேருந்து நிலையத்துக்குக் கூரை வராது.
செயல் அலுவலர் கால்குலேட்டரை மூன்று தரம் தட்டினார்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
யாராவது பிறந்திருக்கலாம் என்பதுபோல.

கவுன்சிலர் தனராசுதான் சொன்னார்,
"மில்லுக்குப் பின்னாடி இருக்காங்களே, அவங்கள எழுதலியா?"
போன கார்த்திகை வெள்ளத்தில்
நிவாரண அரிசி வண்டிமேல் நின்றுகொண்டு
"இவங்க என்ன நம்ம ஊர் ஆளா?" என்றவரும்
அவரேதான்.

உமிச்சாம்பல் படிந்த தகரக் கொட்டகை.
வைகாசி வெயில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
அறுபத்து மூன்று பேர்.
ஊர் தும்கா பக்கம்.
பெயர் புல்மணி முர்மு. வயது இருபத்தாறு இருக்கும் என்றாள்.
தொழில்: மூட்டை தைப்பது. தண்ணீர் வந்துவிட்டால் நடவு,
மாவுக்கு இவ்வளவு என்று கூட்டுக் கூலி.
யாருடைய மா என்று கேட்டேன்.
அமிர்தகடேசன் பெயரைத்தான் முதலில் சொன்னாள்.

தாய்மொழி?
"சந்தாலி."
மகன் குறுக்கே விழுந்தான்,
"எனக்குத் தமிழ் போடுங்க டீச்சர்."
அவனைத் தெரியும். ஒன்றாம் வகுப்பு லீடர்.
வகுப்பில் மொத்தம் நாலு பேர்,
நாலும் இந்தக் கொட்டகை.
இவர்கள் மூட்டை கட்டினால்
என் பள்ளிக்கும் ஒரு பூட்டு வாங்க வேண்டும்.
அம்மாவுக்கு அதை எழுதினேன், அவனுக்கு இதை.
ஒரு குடும்பத்துக்கு ஒரு மொழிதான் என்று
மேலே யாராவது அடிக்கலாம்.

கடைசிக் கேள்வி.
இவ்வூரில் தொடர்ந்து வசிக்கும் எண்ணம் உண்டா?
ஆம். இல்லை.
"ஆம்னு போட்டா என்ன தருவீங்க?"
பேருந்து நிலையத்துக்குக் கூரை என்று
நாக்கு நுனி வரை வந்தது.
பேனாவை மூடித் திறந்தேன்.
அவள் தைத்த மூட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
பிறகு என் கைபேசியைக் காட்டிக் கேட்டாள்,
"மேட்டூர்ல இன்னிக்கு எத்தனை அடி?"

பார்த்தேன்.
எண்பத்து நாலு.

"பத்தாதே" என்றாள்.