நிற்க வேண்டிய இடம்

நாலு லீற்றர் சாம்பல், இரண்டு லீற்றர் நீலம்.
பிறகு கேட்டாள்:
"கறுப்பில், கொஞ்சம் ஈரமான கறுப்பு இருக்கிறதா?"
பில் புத்தகத்தில் பெயரை அவளே எழுதினாள்.
மினேகோ தொகிவா.
உலர்த்திய மீன்முள் மாதிரி எழுத்து.

மூதூர் ஜெட்டிக்குப் போகும் வழியில்
பூட்டிக்கிடக்கும் பண்டகசாலை,
அதன் முன்னால் சீமெந்துத் தரை.
பதினொரு நாள் அதில் குந்தியிருந்தாள்.
ஆணி அடித்தாள், நூல் இழுத்தாள்,
நூலுக்கு மேல் நூல்.
பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை;
இழுபட்டுக் கிழிந்த சாம்பல் பட்டைகள்.
"பெயின்டுக்குப் பிடித்த கேடு" என்றார்
மீன்பெட்டி இறக்கும் அசனார் நானா.

பன்னிரண்டாம் நாள்
வெள்ளைச் சோக்கால் இரண்டு பாதம் கீறினாள்.
"இதில் நில். ஒரு கண்ணை மூடு."

தரை திறந்தது.
பாசி பிடித்த படிகள்
இறங்கி, இன்னும் இறங்கி,
அடியில் ஓர் அறை, அறைக்குள் கடல்.
வயிறு நழுவ
நானாவின் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.
கையெல்லாம் சூடைமீன் செதில்.

அந்தக் கிழமை ஊரே வரிசையில் நின்றது.
கடற்படைக்காரன் ஒருவன் சைக்கிளை அமத்திப் பிடித்து
விழப்பார்த்து, சிரிக்காமல் போனான்.
கோட்டையிலிருந்து வந்த புள்ளிமான் மட்டும்
குழியின் நடுவே நின்று
வாழைப்பழத் தோல் தின்றது,
வெறும் ஆழத்தின் மேல் நான்கு குளம்பு.
"அதற்குக் கண் இரண்டும் இரண்டு பக்கம்" என்றாள்,
"அதனிடம் பொய் சொல்ல
எனக்குத் தெரியாது."

எல்லாக் கோடும் ஓரிடத்தில் போய்
மறைய வேண்டுமாம். அவ்வளவுதான் வித்தை.
ஒல்லாந்தர் புத்தகங்களில் தன் ஊருக்கு வந்ததாம்.
"இந்தக் கோட்டை ஒல்லாந்தரா?"
"அவர்களேதான்."
"அதற்கு முன்னால்?"
"முன்னால் எங்கள் படங்களில்
வீடுகளுக்குக் கூரை இல்லை.
மேகத்தின் இடுக்கால், மேலேயிருந்து பார்ப்போம்."

மேலேயிருந்து என்றதும்
அசனார் நானா சீனக்குடாப் பக்கம் திரும்பினார்.
நாற்பத்திரண்டில் அவர் வாப்பா
புளியமரத்தடியில் படுத்து
விமானங்களை எண்ணியவர்.
அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் தின்னர் மணம் மட்டும்.

பிறகு சொன்னாள், மெதுவாக:
"அந்தப் படங்களில் கோடுகள் சேருவதேயில்லை.
பக்கத்தில் இருப்பவனும்
தூரத்தில் போகிறவனும் ஒரே உயரம்."

தம்பி குகேந்திரன் போனது
இந்த வீதியால்தான், சைக்கிளில்.
தபால் கந்தோர் திருப்பம் வரை
சின்னதாகிக்கொண்டே போனான்.
அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
கேட்டது வேறு:
"பழைய முறையில் ஓர் ஆளைக் கீற
எத்தனை லீற்றர் போகும்?"
"ஆள் எவ்வளவு உயரம்?"
"ஐந்தடி ஏழு."
உடனே தன் தோளுக்கு மேல் கையை உயர்த்தி
இவ்வளவா என்றாள்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.
இன்னும் கொஞ்சம்.

கார்த்திகை மழைக்கு முன் போய்விட்டாள்.
எனாமல், கரையவில்லை.
சோக்குப் பாதம்தான் கரைந்தது.
மூதூர்ப் படகுக்கு வந்த சனம்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
ஓரடி பின்னால், அரை அடி இடப்பக்கம் என்று
தேடிக்கொண்டிருக்கிறது.
படகுக்காரன் மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டான்.