தலைக்குப் பின் தலை

சிகாகோவில் பிப்ரவரி.
இருபத்திரண்டாம் மாடிக் கண்ணாடிக்குக் கீழே
ஆறு உறைந்து கிடக்கிறது,
நடுவில் மட்டும் கறுப்பாய் ஒரு கோடு ஓடுகிறது.
ஹலினா வ்ரோனா மேலங்கியை மடித்து
மடியில் வைத்துக்கொள்கிறாள்.
மாட்டுவதற்குச் சுவரில் கொக்கி இருக்கிறது.
அவள் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்பது வயது.
பத்தொன்பது வருஷம் ஒரே வங்கி.
நள்ளிரவுக் கணக்குகளை விடியுமுன் நேர்செய்யும்
நிரல் அவள் எழுதியது.
வங்கியை வேறொரு வங்கி விழுங்கிற்று.
நிரல் இன்னும் ஓடுகிறதாம்.

எதிரே ரஃபயேல் ஓர்னெலஸ், முப்பத்தொன்று.
இங்கே வாங்குவதும் விற்பதும்
கண்ணிமைக்கும் நேரத்தில் என்று சொன்னால் சிரிப்பார்கள்.
இமை மூடித் திறப்பது இங்கே ஒரு யுகம்.
போன செவ்வாய் அவன் எழுதிய ஒரு வரியில்
'சிறியது' இருக்க வேண்டிய இடத்தில்
'சிறியது அல்லது சமம்'.
பதினொரு நொடி. நான்கு லட்சம் டாலர்.
யாரும் திட்டவில்லை.
மேலாளர் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு
"பதினொன்றா, பன்னிரண்டா?" என்று மட்டும் கேட்டார்.
அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.
இன்று கேள்வி கேட்கிறவன் அவன்.

"ஒரு காசைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம்.
அடுத்தடுத்து இரண்டு தலை விழ
சராசரியாய் எத்தனை தடவை சுண்ட வேண்டும்?"

பூவா தலையா என்பது நம் வாய்.
அவர்கள் காசில் பூ கிடையாது,
பழைய கால் டாலரில் சிறகு விரித்த கழுகு.
ஹலினா பலகைப் பக்கம் போகவில்லை.
பையைத் துழாவிக் காசு ஒன்றை எடுத்து
நிஜமாகவே சுண்டினாள்.
மேசையில் விழுந்தது, தரையில் விழுந்தது,
நாற்காலிக்கடியில் உருண்டது.
ரஃபயேல் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.
பக்கத்திலிருந்த ட்ரிஸ்டன்
கடிகாரத்தைப் பார்த்தான்,
பார்ப்பது தெரியும்படி.

"ஆறு" என்றாள் பிறகு.
(நம் மொழியில் அது
ஜன்னலுக்கு வெளியேயும் இருந்தது.)
"தலைக்குப் பின் கழுகு என்றால் நான்கே போதும்."
"ஏன்?"
"கழுகுக்குக் காத்திருந்து தவறினால்
விழுவது இன்னொரு தலைதானே.
நின்ற படியிலேயே நிற்கலாம்.
தலைக்குக் காத்திருந்து தவறினால்
பாம்பு கொத்தி
முதல் கட்டம்."

ரஃபயேல் படிவத்தில் எதையோ எழுதத் தொடங்கி
நிறுத்தினான்.

"எங்களிடம் கேட்க ஏதாவது?"
"ராத்திரி ஏதாவது உடைந்தால்
போனை எடுப்பது யார்?"
மேசையில் குப்புறக் கிடந்த தன் போனை
அவன் லேசாக நகர்த்தினான்.
"நான்தான்."
"எடுத்ததும் உங்களிடம் முதலில் என்ன கேட்பார்கள்?"
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்து பேர் கூடினார்கள்.
"விடை சரி, கை மெதுவு" என்றான் ட்ரிஸ்டன்.
ரஃபயேல் இரண்டு தடவை கை தூக்கினான்,
ஒன்றுதான் செல்லும் என்றார்கள்.
மூன்றுக்கு இரண்டு.
ஆறு நாற்பதுக்குக் கடிதம் தானாகவே போயிற்று.
அவளைப் பற்றி நான்கு நல்ல வார்த்தைகள்,
பிறகு 'ஆனால்',
பிறகு அவளைப் பற்றி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. மில்வாக்கி அவென்யூவில் சலவைக்கடை.
வியாழன் ஒரு காப்பீட்டு நிறுவனம், ஐந்து சுற்று,
அதே வெள்ளைச் சட்டை.
இயந்திரம் பதினான்கு கால் டாலர் கேட்கிறது.
தலையா கழுகா என்று பாராமல் போடத்தான் நினைத்தாள்.
நான்காவதில் தோற்றுப் பார்த்துவிட்டாள்,
அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பார்த்தாள்.
பதிமூன்றோடு பை காலி.

துணி மடித்துக்கொண்டிருந்த பையன்
கேட்காமலே ஒன்றை நீட்டினான்.
உள்ளங்கையில் ஒரு கணம் மூடி வைத்திருந்து
அப்படியே போட்டாள்.

தண்ணீர் ஏறும் சத்தம்.