ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு லீற்றர்

தம்பலகாமத்து நெல் ஆலை
ஊதித் தள்ளிய உமியை
மூன்று சல்லடையில் அரிக்கிறோம்.
பெரியது வேண்டாம், ஓட்டையாகிவிடும்.
தூசும் வேண்டாம்.
நடுவில் நிற்கிறதுதான் எங்களுக்கு.

களிமண்ணோடு பிசைந்து
லொறி ஜாக்கியால் அழுத்தினால்
பூச்சாடி மாதிரி ஒன்று எழும்பும்.
சூளையில் அடுக்குவார் கோணாமலை.
எண்ணூற்றைம்பது பாகை.
உமி எரிந்து போகும்,
உமி இருந்த இடம் எரியாது.
அந்த இல்லாத இடங்களின் வழியாகத்தான்
தண்ணீர் இறங்கப் போகிறது.

என் வேலை அதற்குப் பிறகு.
விரல் கணுவால் தட்டிக் கேட்பேன்.
கணீரென்றால் சரி,
சத்தம் பிளந்து வந்தால் எங்கோ கீறல்.
இரவு முழுக்க ஊறிய சட்டிகளை நிரப்பி
அளவுகோலை நட்டு
கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம்.
இரண்டு லீற்றர் இறங்கினால்
போகலாம் என்று எழுதுவேன்.
நான்கு இறங்கினால் சம்மட்டி.
ஊர் வேகத்துக்குக் கைதட்டும்.
எனக்குத் தெரியும்,
அவசரமாய்த் திறக்கிற கதவு
ஆள் பார்த்துத் திறப்பதில்லை.

தேறியவற்றுக்கு ஜெஸீமா
வெள்ளிக் கரைசல் பூசுவாள்.
கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தவள்,
"சட்டியாவது போடட்டும்" என்பாள்
தூரிகையைத் தோய்த்துக்கொண்டே.

வைகாசியில் கொழும்பிலிருந்து
ஒட்டுத்தாள் வந்தது, ஆயிரத்து இருநூறு.
நீல எழுத்து, ஒரு துளியின் படம்.
எல்லா அசுத்தங்களையும் நீக்கும்.

அந்தக் கிழமைதான்
ஈச்சிலம்பற்றிலிருந்து புவனரதி வந்தாள்.
மூதூரில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று, பஸ் மாறி.
கையில் சோடாப் போத்தல், உள்ளே
குழாய்க்கிணற்றுத் தண்ணீர், பளிங்குபோல.
கூட வந்த பையன்
சிரிக்கும்போது வாயைக் கையால் மூடினான்.
கை விலகிய ஒரு நொடியில்
தேத்தண்ணிக் கறைபோல் வரிவரியாய்ப் பல்.

"இது எடுக்குமா?"

கலங்கலை எடுக்கும்.
வயிற்றோட்டக் கிருமியை எடுக்கும்.
கிணற்றில் விழுந்து செத்த தவளை
விட்டுப்போனதைக்கூட எடுக்கும்.
ஆனால் புளோரைட்டு
தண்ணீருக்குள் தண்ணீராகவே நடக்கிறது.
எங்கள் துளை எத்தனை சிறிதென்றாலும்
அதற்கு அது வாழைமரம் கட்டிய வாசல்.

இவ்வளவும் சொல்லவில்லை.
இல்லை என்றேன்.
அவள் ஒட்டுத்தாளை வாசித்தாள்.
பிறகு என்னை.

அன்று இரவு குமிழ்முனைப் பேனாவோடு உட்கார்ந்தேன்.
எல்லாவை வெட்டினேன்.
"அசுத்தங்களையும்" என்று
ஓர் உம் தொங்கிக்கொண்டு நின்றது,
வேறு எதையோ சேர்த்து நீக்கிவிடுவதுபோல.
அதையும் வெட்டினேன்.
முன்னால் இருந்த வெற்றிடத்தில்
சில என்று எழுதினேன்.
முந்நூறாவது தாளில் மை தீர்ந்தது.
ஜெஸீமா சிவப்புப் பேனா கொண்டுவந்தாள்.

அலுவலர் ஐயாவுக்குக் கோபம்.
"சில என்று போட்டால் யார் வாங்குவார்?"
அந்த மாதம் உண்மையாகவே குறைந்தது.
கூலியிலும் தெரிந்தது.

இப்போது கொல்லையில்
ஒரு பீப்பாவுக்குள் செங்கல் சல்லி நிரப்பி
அதன்மேல் சட்டியை வைத்துப் பார்க்கிறோம்.
எலும்புக் கரி நன்றாய்ப் பிடிக்குமாம்.
எந்த மாட்டின் எலும்பு, யார் அறுத்தது,
எந்த வீட்டில் யார் குடிப்பது என்று
ஜெஸீமாவும் கோணாமலையும்
ஒரே குரலில் கேட்டதால் செங்கல்.
முதல் முறை குறையவில்லை.
இரண்டாம் முறை கொஞ்சம்.
மூன்றாவதை நகரத்துக்கு அனுப்பியிருக்கிறோம்,
பதில் வரவில்லை.

புவனரதி போத்தலை விட்டுப்போனாள்.
மூடிமேல் அவள் தொலைபேசி எண்,
கடைசி இலக்கம் ஈரத்தில் கலைந்து
ஒன்றா ஏழா தெரியவில்லை.
பதில் வரும் அன்று
இரண்டுக்கும் எடுப்பேன்.