பப்பாளிக்கு மணி தெரியாது

பதினாலு பேர். தலைக்கு மூன்று குச்சி.
நாற்பத்திரண்டு என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதிவிட்டு
மூங்கில் குச்சிகளைக் குளிக்கிற வாளியில் ஊறப்போட்டேன்.
இன்றைக்கு இந்த வீட்டில் யாரும் குளிக்கக் கூடாது.

கரி, இஸ்திரி வண்டி முனியப்பாவிடம் வாங்கியது.
'பண்டிகைக்குத் துணியைக் கொடுக்காம கரியைக் கேக்கறீங்களே'
என்றார்; என்றாலும் அரை மூட்டை கட்டிக் கொடுத்தார்.

லிங்கராஜபுரத்தில் கோழித்தொடை நாலு கிலோ, எலும்பெடுத்தது.
குழாயில் கட்டித் தொங்கவிட்ட தயிர்
பகல் முழுக்கச் சொட்டிச் சொட்டி இறுகியிருந்தது.
இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்.
கடைசியில் பச்சைப் பப்பாளி, தோலோடு அரைத்தது,
இரண்டு கரண்டி.
அங்கேதான் என் கை தடுமாறும்.
போன வருஷம் மூன்று.
கறி குச்சியில் நிற்காமல் நெருப்பில் சொத்தென்று விழுந்தது.
கோலாரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பிலோமினா
ஸ்பூனால் அள்ளித் தின்றுவிட்டு
'நல்லாத்தான் இருக்கு, பல்லு இல்லாதவங்களுக்கு' என்றாள்.
அதை நான் ஜனவரி முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

நாலு டப்பா. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்:
இரவு ஒன்பது பத்து.
பகல் பத்தரைக்கு எடுக்க வேண்டும்.
மொட்டைமாடியில் இருதயராஜ்
பாதியாக வெட்டிய டிரம்முக்குச் செங்கல் கொடுத்துச்
சாய்வு பார்த்துக்கொண்டிருந்தான்,
கோபுரம் கட்டுகிறவன் மாதிரி.

பதினொன்றேகாலுக்கு ஃப்ரிட்ஜ் ஒரு தடவை இருமியது.
பிறகு இல்லை.
உள்விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது,
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல.

எதிர் வீடு பூட்டு. நஸ்ரீன் குடும்பம் லீவுக்கு ஊட்டி.
முதல் மாடியில் வெளிச்சம் தெரிந்தது.
வசுதா வீட்டில்
வியாழக்கிழமைகளில் வெங்காயம்கூடக் கிடையாது.
டப்பாக்களை மூன்று கவரில் சுற்றி, மேலே பேப்பர்,
அதற்கும் மேலே பழைய துப்பட்டா.
மார்போடு அணைத்துக்கொண்டு படியேறும்போது
இதே இரவில் இடம் கேட்டுக் கதவு தட்டிய
அந்தக் குடும்பம் ஞாபகம் வந்தது.
அவர்கள் கையில் கோழி இல்லை.

கதவைத் திறந்தவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
நான் வாயெடுத்தேன்.
'ஹேளபேடி' என்றாள். சொல்லாதே.
கீழ்த்தட்டிலிருந்த இட்லி மாவை, மல்லிகைச் சரத்தை,
மாமனாரின் இன்சுலினை
ஒவ்வொன்றாக மேலே குடியேற்றினாள்.
'அஞ்சரைக்கு விளக்கு ஏத்துவேன். அதுக்குள்ள.'

அதற்குள் என்றால்? எடுத்து எங்கே வைப்பது?
வெளியே வந்தால் பப்பாளி இன்னும் அவசரமாகத் தின்னும்.
என் பிளாஸ்திரியை அது படிக்கப் போவதில்லை.

ஐந்தேகாலுக்கு மொட்டைமாடியில் நெருப்பு.
கம்மனஹள்ளிப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு பனி.
நள்ளிரவுப் பூசைக்குப் போய் வந்த பிள்ளைகள்
செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக நாங்கள் இருவர்,
பகல் விருந்தை விடியலில் சுட்டோம்.

கறி குச்சியில் நின்றது.
'நிக்குது' என்றேன். 'ம்' என்றான்.
'நிக்குது பாரு' என்றேன். 'ம்.'

வசுதா துணி உலர்த்த வருகிறவள்போல வந்தாள்.
வாளியில் துணி இல்லை.
புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து
மறுபக்கம் நின்றுகொண்டாள்.
கொஞ்ச நேரம் நெருப்பையே பார்த்தாள்.
'கரி மிஞ்சுமா?'
மிஞ்சும்.
'கத்தரிக்காய் சுடணும், கொஜ்ஜுக்கு.
கேஸ்ல அந்த வாசனை வரதில்ல.'
பிறகு அவசரமாக:
'இந்தக் கம்பியில வேணாம்.'
இருதயராஜ் இரண்டு செங்கலை நகர்த்தி
அவளுக்கென்று தனியாக ஒரு பிடி கங்கு தள்ளினான்.

பத்தரைக்குப் பிலோமினா வந்தாள்.
கைப்பையைக்கூட இறக்கவில்லை. மூடியைத் திறந்து எண்ணினாள்.
'முப்பத்தொம்பதுதான் இருக்கு.'

எனக்குப் பல் இருக்கிறது என்றேன்.